சீக்கியரின் பொது அட்டில்

பசித்து வந்தாரை உண்பிக்கும் அறச்சாலைகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. ஆயினும் நம் பழைய அன்னசத்திரங்கள் பலவற்றில் இன்னார்க்கு உள்ளே, இன்னார்க்குத் திண்ணையில் என்னும் பந்தி வஞ்சனை நெடுங்காலம் நிலவிற்று என்பதை நாம் மறைத்தற்கில்லை. அவ்வஞ்சனையை அடியோடு களைந்த ஓர் அட்டிலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அதனைச் சீக்கியர் ‘லங்கர்’ என்பர்.

குரு நானக் (1469–1539) தம் இறுதியாண்டுகளில் இராவியாற்றங்கரையிலுள்ள கர்த்தார்பூரில் உழுது வாழ்ந்தபோது, விளைந்ததை அடியார் எல்லாருடனும் ஒருங்கிருந்து உண்டார். அவர்க்குப் பின்வந்த குரு அங்கதரின் மனைவியார் மாதா கீவி அம்மையார் இவ்வட்டிலை நடத்திய திறமும், அவர் இட்ட நெய்ப்பாயசமும் சீக்கியர் திருமறையிலேயே குறிக்கப்பட்டுள்ளன. அடுப்படியிற் பணிபுரிந்த ஒரு பெண்மணியின் பெயர் மறைநூலில் ஏறியது சிறு செய்தியன்று. மூன்றாங் குருவாகிய அமர்தாசர் கோயிந்த்வாலில், தம்மைக் காண வருவோர் யாவராயினும் முதலிற் பந்தியில் அமர்ந்து உண்ணல் வேண்டுமென விதித்தார். அக்பர் பேரரசரும் அவ்வாறே உண்டார் என்பது அவர்கள் வழங்கும் வரலாறு. அப்பந்தியை அவர்கள் ‘பங்கத்’ என்பர். நம் ‘பந்தி’யும் அதுவும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை.

இன்று லங்கர்களுட் பெரியது அமிர்தசரஸ் பொற்கோயிலினது. சாதாரண நாட்களில் 50,000 பேர்க்குக் குறையாமலும், விழா நாட்களில் 1,00,000 பேர்க்கு மேலும் அங்கு உண்கின்றனர் என்பர். அடுப்பு இரவும் பகலும் அணைவதில்லை. கோதுமை ரொட்டி, பருப்பு, ஒரு காய்கறி, பாயசம் என்பனவே உணவு. எம்மதத்தாரும் ஐயமின்றி உண்ணும்பொருட்டு இறைச்சி விலக்கப்பட்டது. சம்பளம் பெறுவோர் சிலரே. பெருவேலையெல்லாம் ‘சேவாதார்’ எனப்படும் தொண்டர் கையது. ஒருபுறம் பூண்டுரிப்போர், ஒருபுறம் மாவுருண்டை தேய்ப்போர், பெரிய இரும்புக் கல்லில் ரொட்டி புரட்டுவோர், பருப்பு வாளியுடன் பந்தியிடையே விரைவோர். கூட்டம் மிக்க நாளில் ரொட்டியிடும் இயந்திரமும் ஓடும். ரொட்டியை இரு கையும் ஏந்தியே பெறல் வேண்டும். வேண்டுமளவு கேட்டுப் பெறலாம், எறிதல் ஆகாது. (நம் விடுதி உணவறையில் நாம் எறிவதை எண்ணி இவ்விடத்துச் சிறிது நாணினோம்.)

இத்துணைக்கும் பொருள் எங்ஙனம் வருகின்றது? வருவாயிற் பத்திலொரு பங்கை அறத்திற்கு ஒதுக்கும் ‘தஸ்வந்த்’ என்னும் முறையும், உழவர் அனுப்பும் கோதுமையும், வழிபடுவோர் காணிக்கையுமே முதல். 1920-இல் தோன்றிய சிரோமணி குருத்துவாரா பிரபந்தகக் குழு நிருவாகத்தை நடத்துகின்றது. 2017-இல் சரக்கு சேவை வரி நெய், சர்க்கரை முதலியவற்றின்மேல் விழுந்தபோது குழு முறையிட்டது. மறு ஆண்டே மத்திய அரசாங்கம் தன் பங்கைத் திருப்பியளிக்கும் திட்டமொன்றை வகுத்தது. கடல் கடந்தும் இவ்வட்டில் செல்லும். 2020 டிசம்பரில் பிரெஞ்சு எல்லை அடைபட்டு, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் நின்றுபோன லாரி ஓட்டுநர்க்குச் சீக்கியர் சுடச்சுட உணவு கொண்டு சென்றனர்.

ஆயினும் இலவச உணவு வாங்குவோன் மானத்தைக் குறைக்காதோ என்னும் வினா எழுவதே. அது நமக்கு அண்மையிலேயே எழுந்தது. 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது பஞ்சாபிலிருந்து அகாலியர் வந்து அங்கு ஓர் இலவச அட்டில் திறந்தனர். கேரளத்தார் அவ்வுணவில் தங்கிப் போராடுதல் அவர்தம் சுயமரியாதைக்கு ஊறாம் எனக் காந்தியடிகள் மறுத்தெழுதினார். சின்னாளில் அட்டில் மூடப்பட்டது. ஒரு போராட்டம் தன் காலில் நிற்றல் வேண்டும் என்ற அளவில் அவர் கூற்று தக்கதே. ஆனால் தீண்டாமையை எதிர்த்து நின்ற இடத்தில், யாவரும் ஒரே பந்தியிலமரும் அட்டிலினும் பொருத்தமானது எதுவென எமக்குத் தோன்றவில்லை. அதனைப் பிச்சையென எண்ணியதே பிழை என்பது எம் கருத்து.

பிச்சையில் இடுவோன் நிற்பான், ஏற்போன் குனிவான். லங்கரில் செல்வனும் வறியனும் ஒரே தரையில் ஒரே பருப்பை உண்கின்றனர்; எவன் பசியால் வந்தான், எவன் பக்தியால் வந்தான் என அறிய வழியில்லை. உண்டெழுந்தவன் விரும்பினால் எச்சிற்றட்டுக்கள் குவிந்த தொட்டியண்டை சென்று நிற்கலாம். அங்கே பட்டுடுத்த மாதரும் கூலியாட்களும் முழங்கைவரை நனைந்து தேய்த்துக்கொண்டிருப்பர். அவர்கள் சற்றே விலகி, அவனுக்கும் ஓரிடம் விடுவர்.