உள்ளம் நோயுற்றாரின் பணியுரிமை

கால் முறிந்தவரை ஓடச் சொல்வார் எவருமிலர். உள்ளம் நோயுற்றவரின் தடுமாற்றத்தையோ நாம் ஒழுங்கீனம் என்றே எழுதிவிடுகிறோம். மனச்சோர்வும் எண்ணச் சுழற்சி நோயும் உற்ற மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் இரத்துச் செய்தது. மனநோயுற்றோர் இத்தகைய நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு பிறரினும் மிகுதி. ஆதலின் அது மறைமுகப் பாகுபாடே என்பது தீர்ப்பின் சாரம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவில், பணிக்காலத்தில் இயலாமை உற்ற அரசு ஊழியரை நீக்கலாகாது என்கிறது; செய்த பணி இயலாதெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரப்பணிக்கிறது. ஊழியரின் நிலைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளும் அரசு நிறுவனத்தின் கடமையே. அவற்றைச் சலுகையெனக் கருதுதல் தவறு. நாளை நிருவாகப் பொறுப்பேற்கும் நம் மாணவர், குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுதுமுன் நலம் உசாவுவாராக.