ஓர் உடம்பில் இரண்டு நோ

"நாரி உளையுது" என்ற பேச்சு கேட்காத வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில் குறைவு. தோணியில் நின்று வலை வீசுபவருக்கும், படுவான்கரை வயலில் குனிந்து களை பிடுங்குபவருக்கும், பாய் இழைப்பவருக்கும் அது தொழிலோடு வருகிற கீழ்முதுகு நோ. 2006 இறுதியில் சிக்குன்குன்யா இங்கும் பரவிய பிறகு, மூட்டு நோவையெல்லாம் அந்தக் காய்ச்சலின் மிச்சம் என்று சொல்பவர்களும் உண்டு. காரணம் இப்படித் தயாராக இருப்பதால், வேறு இரண்டு நோய்கள் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரலாம்.

முதலாவது, முள்ளந்தண்டு மூட்டழற்சி. உடலின் எதிர்ப்புச் சக்தியே முள்ளந்தண்டையும் அதன் அடியிலுள்ள மூட்டுகளையும் தாக்குகிறது. முற்றிய நிலையை மருத்துவர்கள் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்பார்கள். பெரும்பாலும் 45 வயதுக்கு முன் தொடங்கும். நோ 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். நடமாடினால் குறையும், படுத்துக் கிடந்தால் குறையாது. பாரம் தூக்கி வந்த நோ ஓய்வில் ஆறும், இது ஆறாது. கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு வளையலாம்.

இரண்டாவது, பைப்ரோமயால்ஜியா. இதில் மூட்டு அழிவதில்லை. நரம்பு மண்டலம் நோவைப் பெருக்கி உணர்த்துகிறது. உடம்பெல்லாம் நோ, தூங்கி எழுந்தும் தீராத களைப்பு, மறதி ஆகியவை இதன் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. அதனால் "எல்லாம் மனசுதான்" என்று தட்டிக்கழிக்கப்படுகிறது. போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட மண் இது. மன அதிர்ச்சியும் தூக்கமின்மையும் இந்நோய்க்கு வழிவிடலாம். அதற்காக நோ பொய்யாகிவிடாது.

முள்ளந்தண்டு மூட்டழற்சி உள்ளவர்களில் ஏறத்தாழ ஆறேழு பேரில் ஒருவருக்கு பைப்ரோமயால்ஜியாவும் இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு நோய் இருப்பது பைப்ரோமயால்ஜியாவைக் கண்டறியத் தடையல்ல என்பதை 2016இல் திருத்தப்பட்ட மருத்துவ அளவுகோல்களும் உறுதிப்படுத்துகின்றன.

ஆபத்துகள்

மூட்டழற்சியின் தீவிரத்தை நோயாளியிடம் கேள்வி கேட்டே பெரிதும் அளக்கிறார்கள். நோவும் களைப்பும் பைப்ரோமயால்ஜியாவால் வந்தவையாக இருந்தால், மருந்து வேலை செய்தும் செய்யாததுபோல் தோன்றும். உடனே இன்னும் வலுவான, விலை கூடிய மருந்துக்கு மாற்ற நேரிடும். அத்தகைய உயிரியல் மருந்துகள் சில உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியவை. தொடங்குமுன் அதற்கான பரிசோதனை அவசியம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பெண்களின் மூட்டழற்சியைச் சில வேளைகளில் பைப்ரோமயால்ஜியா என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் சரியாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

மூன்றாவது ஆபத்து மருந்துக்கடையில். நோ மாத்திரைகளை மாதக்கணக்கில் தானாக விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் பைப்ரோமயால்ஜியாவுக்குப் பயன்படாது. நெடுநாள் எடுத்ததைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரின் சிட்டை இன்றி அதை விற்பது சட்டப்படி குற்றம்.

கண் சிவந்து நோவெடுத்து வெளிச்சம் கூசினாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும், கால் மரத்துப் பலமிழந்தாலும், முதுகு விறைத்தவர் விழுந்தபின் புதிதாக நோ வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பரிகாரமும் உரிமையும்

அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்படி கேட்கலாம். போகுமுன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறியுங்கள்: காலை விறைப்பு எவ்வளவு நேரம், நோ எங்கே, தூக்கம் எப்படி. பழைய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். "இந்த நோ அழற்சியாலா, பைப்ரோமயால்ஜியாவாலா?" என்று கேளுங்கள். உங்களுக்கு என்ன நோய், எந்த மருந்து ஏன் என்று அறிவது உங்கள் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. தமிழும் அரசகரும மொழி. கொழும்புக்கு அனுப்பப்பட்டாலும் தமிழில் விளக்கம் கேட்கலாம்.

நோயால் இயலாமை ஏற்பட்டவரை அந்தக் காரணத்துக்காக வேலையில் பாகுபடுத்துவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அரச நிறுவனம் பாகுபாடு காட்டினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். உதவித்தொகை பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். மனம் தளர்ந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு. உடற்பயிற்சி மட்டும் இரண்டுக்கும் பொது. சிறிதாகத் தொடங்கி நாளும் செய்ய வேண்டும். புகைப்பது முள்ளந்தண்டை மேலும் கெடுக்கும். காலை விறைப்போடு 3 மாதம் கடந்த நாரி நோ உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.