வளைகுடாவில் உறவு மாறினால் இங்கே வசூல் மாறும்



1990 ஆகஸ்டில் முத்துப்பேட்டைக்கு வசூலுக்குப் போயிருந்தேன். எங்கள் மண்டியில் அரிசி எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், தவணை தவறாதவர், அன்று கடன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பாக்கி. "குவைத்திலேருந்து டிராப்ட் வரலைங்க. பையன் உயிரோட இருக்கானான்னே தெரியாத வீட்டுல போயி அரிசி பாக்கியை எப்படிங்க கேக்குறது?" என்றார். நானும் அவரைக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரே மார்க்கத்தாருக்குள் ஏன் இந்தச் சண்டை என்று அப்போது பலரும் கேட்டார்கள். மார்க்கம் ஒன்றுதான், கணக்கு வேறு. 1980 முதல் 1988 வரை ஈரானோடு போரிட்ட ஈராக்கைக் கடன் கொடுத்துத் தாங்கியவர்களில் குவைத்தும் சவுதியும் முக்கியமானவர்கள். போர் முடிந்ததும் கடனைத் தள்ளச் சொன்னது ஈராக். குவைத் அதிகமாக எண்ணெய் எடுத்து விலையை இறக்குகிறது என்றும் குறை சொன்னது. 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி, கடன் கொடுத்தவர் வீட்டுக்குள்ளேயே படையோடு புகுந்தது. கடன் கொடுத்துப் பழகிய நமக்கு இது புரியாத கதையா? முந்தைய போரில் ஈரான் பக்கம் நின்ற சிரியா, இப்போது சவுதி, எகிப்தோடு சேர்ந்து ஈராக்கை எதிர்த்த அணிக்குப் படை அனுப்பியது. அங்கிருந்த நம் நாட்டார் சுமார் 1,70,000 பேர் திரும்பி வந்தார்கள். பெரும்பாலோர் ஜோர்டான் போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்தவர்கள்.

2017 ஜூன் 5-ல் வேறு மாதிரி. சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. கத்தாருக்கு இருந்த ஒரே தரைவழி சவுதி எல்லைதான், அது மூடப்பட்டது. முதல் வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் உணவுப் பொருளைத் துருக்கியும் ஈரானும் அனுப்பின. துபாயின் ஜெபல் அலியில் இறக்கி ஏற்றிய சரக்கு ஓமன் வழியாகப் போனது. முந்த்ரா, நவசேவாவிலிருந்து நேரடிக் கப்பலும் ஓடியது. இங்குள்ள குடும்பங்களுக்குச் சம்பளப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. 2021 ஜனவரியில் கத்தாரும் அந்த நால்வரும் சமாதானமானார்கள். 2016-ல் உறவை முறித்துக்கொண்ட சவுதியும் ஈரானும் 2023 மார்ச்சில் சீனாவில் உட்கார்ந்து பேசி முடித்தன. 2025 செப்டம்பரில் சவுதி பாகிஸ்தானோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது.

இதையெல்லாம் நான் பத்திரிகையில் தேடிப் படிப்பது அரசியல் ஆசையால் அல்ல. 1990-க்குப் பிறகு கடற்கரை ஊர்க் கடைகளுக்குக் கடன் போடுமுன், வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று கேட்டுக்கொள்வேன். நாலு நாடாகப் பிரிந்திருந்தால் கூடுதலாக இருபது மூட்டை தயங்காமல் ஏற்றுவேன். எல்லோரும் ஒரே நாடு என்றால் கையைச் சற்று இழுத்துப் பிடிப்பேன்.

முத்துப்பேட்டைக்காரர் 1992 பொங்கலுக்கு முன் பாக்கி முழுவதையும் கொண்டுவந்து கட்டினார். வட்டி போடவில்லை. அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டானாம். மறுபடி குவைத்துக்கே போகப் பாஸ்போர்ட் எடுத்திருப்பதாகவும் சொன்னார்.