போர் விமானங்கள் ஏன் விழுகின்றன?

வட இலங்கையின் பளையிலும் இயக்கச்சியிலும் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குக் கிபிரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்த தலைமுறை அது. ஆனால், அந்த விமானம் எப்படிப்பட்ட இயந்திரம், எவரும் சுடாதபோதும் இத்தகைய விமானங்கள் ஏன் விழுகின்றன என்பது நம்மிடையே குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

கிபிர் இஸ்ரேலில் உருவானது. பிரான்சின் மிராஜ் 5 விமானத்தின் உடலமைப்பில் அமெரிக்காவின் ஜே-79 ஜெட் இயந்திரத்தைப் பொருத்தி அதைச் செய்தார்கள். முக்கோண இறக்கை, உயரத்தில் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். இலங்கை விமானப்படைக்கு அது 1996 இல் வந்தது. ஒற்றை இயந்திரம் என்பதால் நடுவானில் அது நின்றுபோனால் கைகொடுக்க இன்னொன்று இல்லை.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2011 மார்ச் 1 ஆம் திகதி, இரண்டு கிபிர்கள் கம்பஹா மாவட்ட வானில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. விமானப்படையின் 60 ஆவது ஆண்டு நிறைவுக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு விமானி தப்பினார், மற்றவர் உயிரிழந்தார். மணிக்கு 600 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 167 மீற்றர். அணிவகுப்பில் பறக்கும்போது இரு விமானங்களுக்கும் இடைவெளி சில மீற்றர்தான். கை சற்றுத் தவறினால் திருத்திக்கொள்ள அவகாசம் இல்லை. இதற்கு மாறாக, 2025 மார்ச் 21 இல் வாரியப்பொலவில் அதே விமானப்படையின் கே-8 பயிற்சி ஜெட் விழுந்தபோது, அதிலிருந்த இருவருமே பரசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 21 இல் நடந்த விபத்தை உலகமே பார்த்தது. டுபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில், சாகசம் காட்டிக்கொண்டிருந்த இந்தியாவின் தேஜஸ் விமானம் தரையில் மோதி வெடித்தது. விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் பணியாற்றிய தளம் கோயம்புத்தூருக்குப் பக்கத்திலுள்ள சூலூர். 2001 இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விபத்தில் அழிந்தது அதற்கு முன்பு ஒருமுறைதான். 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே விழுந்த அந்த விமானத்தின் விமானி தப்பிவிட்டார்.

இந்திய விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்ட அன்றே, வெளியில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். விபத்துக்கு முன்னரே, நின்றிருந்த தேஜஸிலிருந்து எண்ணெய் ஒழுகுவதாக ஒரு காணொளி பரவியிருந்தது. அது குளிரூட்டும் அமைப்பிலிருந்து வழக்கமாக வெளியேற்றப்படும் நீர்தான் என்று இந்திய அரசு விளக்கியிருந்தது. விமானம் விழுந்ததும் அந்த எண்ணெய்க் கதைக்கு மறுபடி உயிர் வந்தது.

விஷயம் அறிந்தவர்கள் முன்வைத்த ஊகங்கள் மூன்று வகை. முதலாவது, ஜி-விசை. விமானத்தைச் சடுதியாக வளைத்து மேலே இழுக்கும்போது உடலின் எடை பல மடங்காகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 9 ஜி-யில் 630 கிலோவாக உணர்வார். இரத்தம் கால்களுக்கு இறங்கும், பார்வை சாம்பல் நிறமாகும், பிறகு நினைவு தப்பும். வயிற்றையும் தொடைகளையும் காற்றால் இறுக்கிப் பிடிக்கும் விசேட உடை ஓரளவு காப்பாற்றும். ஆனால் தலைகீழாகப் பறந்து இரத்தம் தலைக்கு ஏறிய கையோடு மேலே இழுத்தால், உடலின் தாங்குசக்தி வழக்கத்தைவிடக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, திசைமயக்கம். வேகமாகச் சுழலும்போது உட்செவி தரும் தகவல் பிழையாகிவிடும். வானம் எது, தரை எது என்பதில் விமானி ஒரு கணம் ஏமாறலாம். மூன்றாவது, இயந்திரமோ கட்டுப்பாட்டு அமைப்போ செயலிழந்திருக்கலாம் என்பது. தேஜஸ் நிலையாகப் பறப்பதே கணினியின் இடைவிடாத திருத்தத்தால்தான்.

சியால் ஏன் இருக்கையோடு வெளியே பாயவில்லை என்று பலர் கேட்டார்கள். தேஜஸில் உள்ள மார்ட்டின்-பேக்கர் இருக்கை, தரையில் அசையாமல் நிற்கும் விமானத்திலிருந்துகூட ஆளைக் காப்பாற்றக்கூடியது. ஆனால் விமானம் செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் கீழே வரும்போது, 200 மீற்றர் உயரத்தில் எஞ்சியிருப்பது இரண்டே செக்கன். ஆபத்தை உணரவும் முடிவெடுக்கவும் பிடியை இழுக்கவும் அந்த இரண்டு செக்கன்தான்.

விசாரணையாளர்கள் காணொளியோடு நின்றுவிடுவதில்லை. அவர்கள் முதலில் பார்ப்பது சிதறல்களின் பரப்பை. பாகங்கள் கிலோமீற்றர் கணக்கில் பரந்து கிடந்தால் விமானம் வானிலேயே உடைந்திருக்கலாம். ஓரிடத்தில் குவிந்திருந்தால் முழுதாகவே தரையில் மோதியிருக்கிறது. இயந்திரத்தின் அலகுகள் சுழற்சிக்கு எதிர்த்திசையில் வளைந்திருந்தால் மோதிய கணத்தில் அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. பழைய விமானங்களில் எச்சரிக்கை பல்புகளைக்கூட நுண்காட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதலில் இழுபட்டு நீண்டிருக்கும். அணைந்திருந்த பல்பின் இழை அப்படி நீளாது, சட்டென்று முறியும். விமானி கடைசியாக எந்த எச்சரிக்கையைக் கண்டார் என்பது அந்த மயிரிழைக் கம்பியிலிருந்து தெரியவரும். இவற்றோடு கறுப்புப்பெட்டியின் பதிவையும் பராமரிப்பு ஏடுகளையும் ஒப்பிட்ட பிறகே காரணம் எழுதப்படுகிறது.

அந்தக் காரணமும் ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை. 2021 டிசம்பர் 8 இல் குன்னூர் அருகே இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகொப்டர் விழுந்தபோது சதி என்ற பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. முப்படை விசாரணைக் குழு சதியையும் இயந்திரக் கோளாறையும் நிராகரித்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகொப்டர் மேகத்துக்குள் புகுந்தது, அதனால் விமானி திசைமயங்கினார் என்று அது கண்டறிந்தது. 2024 இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலோ அதே விபத்து ‘மனிதத் தவறு’ என்ற ஒற்றை வரியில் இடம்பெற்றது. அந்த வரியில் மேகமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை.

காணொளியை எத்தனை முறை ஓடவிட்டாலும் கண்டுபிடிக்க முடியாத காரணங்களும் உண்டு. 2025 ஜனவரியில் அலாஸ்காவிலுள்ள ஒரு தளத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தின் முன்சக்கரம் சரியாக மடங்கவில்லை. விமானி பறந்துகொண்டே பொறியியலாளர்களுடன் ஏறத்தாழ 50 நிமிடம் தொலைபேசியில் ஆலோசித்தார். சக்கரக் கால்களில் இருக்க வேண்டிய எண்ணெயில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் கலந்திருந்தது. அது உறைந்ததால், விமானம் தரையில் நிற்கிறது என்று உணரிகள் கணினிக்குப் பிழையாகச் சொல்லின. கணினியும் அதற்கேற்ப நடந்துகொள்ள, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. விமானி பாய்ந்து தப்பினார். ஒன்பது நாட்களில் அதே தளத்தில் இன்னொரு எஃப்-35 இலும் அதே உறைவு ஏற்பட்டது, ஆனால் அது பத்திரமாக இறங்கியது.

இவ்வளவையும் வெளியார் அறிய முடிவது அமெரிக்க விமானப்படை அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டதால்தான். தெற்காசியாவில் இராணுவ விபத்து விசாரணைகள் முழுமையாக வெளிவருவது அரிது. இரகசியங்களை நீக்கிவிட்டாவது அவற்றை வெளியிட வேண்டும். கணவரையும் பிள்ளையையும் பறிகொடுத்த குடும்பங்களுக்கும், கம்பஹாவிலும் வாரியப்பொலவிலும் எரியும் உலோகம் விழுந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கும், நாளை அதே வகை விமானத்தில் ஏறப்போகும் இளம் விமானிகளுக்கும் அந்தப் பக்கங்களைப் படிக்கும் உரிமை உண்டு.