இனிப்பு நீரும் கசியும் அல்புமினும்

புக்கிட் மேரா பலதுறை மருந்தகத்துக்கு ஆண்டுதோறும் போய்வரும் நீரிழிவுக்காரர்களுக்கு அந்தச் சோதனைகள் மனப்பாடம். ரத்தம் எடுப்பார்கள், கண்ணைப் படம் பிடிப்பார்கள், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்துக் கழிவறைக்கும் அனுப்புவார்கள். வீடு திரும்பியதும் பேச்செல்லாம் சர்க்கரை அளவைப் பற்றித்தான். அந்தக் குப்பியில் என்ன தேடினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

தேடியது அல்புமினை.

முட்டையின் வெண்கருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முட்டையில் இருப்பது வேறு புரதம், நம் ரத்தத்தில் ஓடுவது வேறு. இரண்டும் சூட்டில் வெள்ளையாகத் திரளும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. ரத்த அல்புமினைச் செய்வது கல்லீரல். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்து அனுப்புகிறது. ஆரோக்கியமானவரின் ரத்த நீரில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் அல்புமின் இருக்கும். வேறெந்தப் புரதமும் அங்கே இந்த அளவுக்கு இல்லை.

அதன் முதல் வேலை, தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைப்பது. நுண்குழாய்களின் சுவர் வழியே நீர் வெளியேறப் பார்க்கும். அல்புமின் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுவிசையில் முக்கால் பங்குக்கும் மேல் அல்புமினுடையது. இரண்டாவது வேலை சுமை தூக்குவது. ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய தொங்கான் படகுகளைப் போல, நீரில் கரையாத கொழுப்பு அமிலங்களையும், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினையும், கால்சியத்தையும், தைராய்டு சுரப்பையும் அது ஏற்றிச் செல்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை ஏறக்குறைய முழுவதும் அல்புமினில் ஒட்டியபடிதான் பயணம் செய்கிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயினும் பெரும்பகுதி அப்படித்தான். அதனால் அல்புமின் குறைந்த நோயாளிக்கு மருந்தின் அளவை மருத்துவர்கள் யோசித்தே முடிவு செய்கிறார்கள்.

அல்புமின் குறைந்தால் என்ன ஆகும் என்ற கதைக்கும் புக்கிட் மேராவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில், ஊட்ரமில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கிறது. வளாகத்தில் 1926இல் திறக்கப்பட்ட பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர், ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், உடம்பு வீங்கித் தோல் உரிந்து இறக்கும் குழந்தைகளைப் பார்த்து, 'குவாஷியோர்கர்' என்ற நோயை மருத்துவ உலகுக்குச் சொன்னவர் அவர். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்த ஊர்ச் சொல்லின் பொருள். நம் பாட்டிமார் 'சவலைப் பிள்ளை' என்று சொன்னதும் இதற்கு வெகு அருகில் வரும். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் அல்புமின் மிகவும் குறைந்திருக்கும். வீக்கத்துக்கு அது ஒன்றே காரணமா என்று பின்னாளில் ஆய்வாளர்கள் வாதாடினார்கள். ஆனால் அல்புமினும் வீக்கமும் மருத்துவப் பாடத்தில் பிரியாமல் சேர்ந்துகொண்டன.

இந்தப் பழைய பாடத்திலிருந்து ஒரு தவறான முடிவும் கிளைத்தது. அல்புமின் குறைந்தால் உணவு போதவில்லை என்று பொருள், நாலு வெண்கரு கூடுதலாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. தின்ற வெண்கரு குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அது அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. கல்லீரல் சுருங்கிப் போனவருக்கு மூலப்பொருள் இருந்தும் ஆலை ஓடாது. வயிற்றில் நீர் கோக்கும். கடுமையான தொற்றில் கல்லீரல் தன் உற்பத்தியை வேறு புரதங்களுக்குத் திருப்பிவிடும். அல்புமின் குழாய்களிலிருந்து கசிந்தும் போகும். குறைந்த எண்ணைப் பார்த்ததும் எங்கே குறைகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ஊசி வழியே ஏற்றுவதற்கும் அல்புமின் உண்டு. 1940களில் எட்வின் கோன் என்ற அமெரிக்க வேதியியலாளர் ரத்த நீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தீக்காயம் பட்டவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. விலை அதிகம் என்பதால் உயர்ந்த மருந்து என்ற மயக்கமும் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. திரவம் தேவைப்பட்டவர்களுக்கு உப்பு நீர் கொடுத்தாலும் அல்புமின் கொடுத்தாலும் 28 நாள் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் கல்லீரல் நோயாளியின் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டருக்கும் மேல் நீரை வடிக்கும்போது அல்புமின் ஏற்றுவது உண்மையிலேயே காக்கிறது.

சிறுநீருக்கு வருவோம். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டினார். அது வெள்ளையாகத் திரண்டால், உடல் வீங்கிய அந்த நோயாளியின் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்று 1827இல் எழுதினார். கரண்டிக்குத் தெரிந்தது முற்றிய நோய்தான். இன்றைய சோதனை, கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மில்லிகிராம் அளவில் கசிவைக் கண்டுவிடுகிறது.

சிங்கப்பூரில் நீரிழிவால் வரும் இந்தக் கசிவு இந்தியர் வீட்டு விஷயம். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்றார். இங்கே புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு மூலகாரணம் நீரிழிவு. 'இனிப்பு நீர்' என்று பழகிய சொல்லாலேயே அழைத்து அதைச் சாதாரணமாக்கிக்கொண்ட வீடுகளில், டயாலிசிஸ் என்ற சொல் இடிபோல் விழுகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கழியும்.

கசிவைத் தொடக்கத்தில் பிடித்தால் செய்யக்கூடியது நிறைய உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சிலவகை மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டியின் உள்ளழுத்தத்தையும் தணிக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய வகை மருந்துகளும் சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகின்றன. உப்பைக் குறைப்பதும் உதவும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் அளவு தற்காலிகமாகக் கூடலாம். ஒரு முறை கூடியதும் பதறாமல் மறுபடி சோதிப்பார்கள்.

அறிக்கையில் அது அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்ற பெயரில், சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவுக்குக் கவனம் பெறாத ஒரு வரியாக இருக்கும். மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3க்கு மேலே போனால், அடுத்த முறை டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது அந்த வரியைப் பற்றித்தான்.