பக்கிரிசாமியாகிய நான்!

"பேரைச் சொல்லுங்க சார்!"

பேங்க் கவுன்ட்டரில் இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வியர்த்துவிடும். பின்னால் கியூவில் நிற்பவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொல்வேன். "பக்கிரிசாமி." அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் தயங்கித் தயங்கி, "நீங்க... இந்துவா, முஸ்லிமா சார்?"

ஆபீஸில் வேறு கதை. முழுப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? சுருக்கிவிட்டார்கள். சுருக்கினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். "டேய் பக்கி, டீக்கு வர்றியா?" லேடீஸ் ஸ்டாஃப் முன்னால் இப்படிக் கூப்பிட்டால் ஒருத்தனுக்கு எந்த ஜென்மத்தில் கல்யாணம் ஆகும்?

வயது 33 முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு வரன். ஜாதகம் பொருந்தி, போட்டோவும் பிடித்து, கடைசியில் பெயரில் இடித்தது. "சினிமா அடியாள் பேரு மாதிரி இருக்கே" என்றாராம் பெண்ணின் சித்தப்பா.

அன்றே முடிவு செய்தேன். கெஸட்டில் பெயர் மாற்றம்! புதுப் பெயர், பிரவீன். பாரமும் ரெடி. பழைய சரக்கைத் தள்ளிவிடுமுன் அதன் விலையைத் தெரிந்துகொள்வோமே என்று (பி.காம். புத்தி!) கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

'ஃபகீர்' அரபுச் சொல். ஏழை என்று அர்த்தம். சூஃபிகள் அதைப் பெரிய பட்டமாக்கினார்கள்: இறைவனைத் தவிர வேறெதுவும் வேண்டாதவர். நம் வாயில் ஃபகீர், பக்கிரி ஆகிவிட்டார். சரி, 'சாமி'? வடமொழி ஸ்வாமி. 'ஸ்வ' என்றால் தன்னுடையது. ஸ்வாமி என்றால் உடையவர், சொந்தக்காரர். ஆக, நான் ஒன்றுமில்லாத சொந்தக்காரன். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி!

1931-ல் வைஸ்ராய் மாளிகைப் படியேறிய காந்தியை, ஃபகீர் வேஷம் போடுகிறார் என்று எரிச்சலோடு பேசினார் சர்ச்சில். 1944-ல் காந்தி அவருக்கே கடிதம் எழுதினார். ஃபகீராக இருக்கத்தான் ரொம்ப நாளாக முயற்சி செய்கிறேன், நீங்கள் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று. மகாத்மா முயற்சி செய்த பட்டம் எனக்குத் தொட்டிலிலேயே கிடைத்திருக்கிறது!

எங்கள் தஞ்சாவூர் ஜில்லாப் பக்கம் இந்தப் பெயர் சகஜம். மன்னார்குடி சின்னப் பக்கிரி, நாதஸ்வரத்தில் மேதை. எல்லாம் நாகூர் தர்கா உபயம். அங்கே இருக்கும் 5 மினாராக்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். குழந்தை தங்காத இந்து வீடுகளில் நாகூராருக்கு வேண்டிக்கொண்டு பக்கிரி, நாகூரான் என்று பெயர் வைப்பார்கள். பிச்சை, குப்புசாமியும் இதே ரகம்தான். 'இது ஒண்ணுத்துக்கும் உதவாத பிள்ளை' என்று எமனை ஏமாற்றுகிற வேலை.

பாரத்தை அம்மாவிடம் காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தால், திட்டவில்லை.

"உனக்கு மூத்தது ரெண்டு. ஒண்ணு பதினோரு நாள் இருந்துச்சு. ஒண்ணு நாலு மாசம்."

'மூத்தது தங்கலை' என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எண்ணிக்கையும் நாளும் அன்றுதான் கேட்டேன்.

"நீ பொறந்த நாப்பதாம் நாள் காய்ச்சல். உங்க அப்பாயி உன்னைத் தூக்கிட்டு நாகூருக்கு ஓடுனாங்க. 'இது எங்க புள்ள இல்ல, உன்னோட பக்கிரி, நீயே பாத்துக்க'ன்னு வாசல்ல கெடத்திட்டு, அப்புறமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க."

"அப்ப பேரை மாத்தக் கூடாதாம்மா?"

"தாராளமா மாத்திக்கப்பா. இத்தனை வருஷமா உன்னைப் பாத்துக்கிட்டவர்கிட்ட மட்டும் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

சனிக்கிழமை நாகூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பாரத்தை எல்லாம் பூர்த்தி செய்தாயிற்று. 'பெயர் மாற்றத்துக்கான காரணம்' என்கிற ஒரு கட்டம் மட்டும் பாக்கி.