பொட்டு எங்கிருந்து வந்தது?

லேசர் பிரிண்டரில் எடுத்த ஒரு தாளைப் பாருங்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. அதற்கு நேர் கீழே கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இன்னொன்று. இன்னும் கீழே மூன்றாவது. பிரிண்டரை உடனே திறக்க வேண்டாம். அளவுகோலை எடுத்து, ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டுவரை அளந்து பாருங்கள். 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இடைவெளியும் அதே 75 என்றால் பாதி வேலை முடிந்தது.

சைக்கிள் டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் தரையில் ஒரு வெள்ளைக் குறி விழும். இரண்டு குறிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் சக்கரத்தின் சுற்றளவு. தாளில் விழுந்த பொட்டுகளும் இப்படித்தான். உள்ளே ஏதோ ஓர் உருளையின் மேல் ஓரிடத்தில் காயம் இருக்கிறது. எந்த உருளை? சுற்றளவை 22/7 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். 75 மி.மீ.க்கு ஏறக்குறைய 24 மி.மீ. பல சிறிய லேசர் பிரிண்டர்களில் டிரம் என்ற உருளையின் விட்டம் இதுதான். சிலவற்றில் 30 மி.மீ. டிரம் இருக்கும், அங்கே பொட்டுகள் 94 மி.மீ.க்கு ஒன்றாக விழும். இடைவெளி அதைவிட மிகக் குறைவாக இருந்தால், டிரம்மை ஒட்டிச் சுழலும் ஒல்லியான உருளைகளைச் சந்தேகிக்கலாம். பழுதுபார்ப்பவர்களுக்கான கையேடுகளில் எந்த உருளைக்கு எத்தனை மி.மீ. என்று பட்டியலே இருக்கிறது. கணக்கு வகுப்பில் படித்த சுற்றளவுச் சூத்திரம் இவ்வளவு நேராகப் பயன்படும் இடங்கள் அதிகமில்லை. அதனால்தான் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

டிரம்மில் காயம் பட்டால் அது ஏன் கறுப்பாக விழ வேண்டும்? அதற்கு 1938-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் காப்புரிமை ஆவணங்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருந்தார். நகல்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தன, எடுப்பதுதான் பெரும்பாடு. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். எழுத்து எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து விளக்கொளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. மெல்லிய பொடியைத் தூவியபோது அது மின்னூட்டம் இருந்த இடத்தில் மட்டும் ஒட்டியது. அன்று தாளில் பதிந்தது தேதியும் ஊர்ப் பெயரும்தான். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வேர் அந்தத் தாள்.

இன்றைய லேசர் பிரிண்டரும் அதே உத்தியைத்தான் கையாள்கிறது, ஒரு சிறு மாற்றத்துடன். டிரம் முழுக்க மின்னூட்டம் ஏறும். எழுத்து வர வேண்டிய இடங்களை லேசர் ஒளி தொடும். அங்கே மின்னூட்டம் வடியும். டோனர் என்ற நுண்ணிய பிளாஸ்டிக் பொடி, வடிந்த இடத்தில் போய் ஒட்டும்படி அமைத்திருக்கிறார்கள். டிரம்மின் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால், அங்கே மின்னூட்டம் தங்காது. லேசர் பட்ட இடம் போலவே அது இருப்பதால் டோனர் வந்து ஒட்டிக்கொள்கிறது. நமக்குக் கறுப்புப் பொட்டு!

பொட்டுக்குப் பதிலாகத் தாளின் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கோடு விழுந்தால்? இப்போது சுழலாமல் ஒரே இடத்தில் நிற்கும் பொருளைத் தேடுங்கள். லேசர் ஒளி வெளிவரும் கண்ணாடியில் தூசி படிந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒளி டிரம்மைத் தொடாது. தாள் நகர்ந்துகொண்டே இருப்பதால் சின்னத் தூசி நீளக் கோடாகிவிடுகிறது. கறுப்புக் கோடு என்றால், டிரம்மில் மிச்சமுள்ள பொடியை வழிக்கும் பிளேடு அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம்.

எழுத்து நன்றாக விழுந்தும் விரலால் தேய்த்தால் உதிர்கிறதா? டோனரை உருக்கித் தாளோடு சேர்ப்பது ஃபியூசர் என்ற சூடான பகுதி. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூடேறும். அந்தச் சூடு போதவில்லை, அல்லது தாள் மிகத் தடிமன். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. திறந்து கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டோனரை டிரம்மிலிருந்து தாளுக்கு இழுப்பதும் மின்னூட்டம்தான்; ஈரத்தாளில் அது நிற்காது. டோனரைச் சரியாக இழுக்க முடியாமல் எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். புதுத் தாள்கட்டைப் பிரித்துப் போட்டாலே இது சரியாகிவிடும். புது டோனர் கார்ட்ரிட்ஜை வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மையைத் தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரின் நோய் வேறு. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியே மை வருகிறது. பல நாள் பயன்படுத்தாமல் விட்டால் அது காய்ந்து அடைத்துக்கொள்ளும். படத்தில் இலைகள் மஞ்சளாக வந்தால் நீலத் துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் பச்சை என்பது நீலமும் மஞ்சளும் சேர்ந்தது. பிரிண்டரிலேயே துளைகளைச் சோதிக்கும் வசதியும் சுத்தம் செய்யும் வசதியும் உண்டு. சுத்தம் செய்யும்போது மை செலவாகும் என்பதால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

மூடியைத் திறப்பதென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூசர் ஆறும்வரை காத்திருங்கள். டிரம்மைத் தொடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், ஒளிக்கு மசியும் பொருளால்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டோனர் சிந்தினால் வாயால் ஊதக்கூடாது. துணியில் பட்டால் குளிர்ந்த நீரில் அலசுங்கள்; வெந்நீர் அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கித் துணியோடு ஒட்டிவிடும்.

கடைசியாக ஒரு புதிர். நகல் எடுக்கும் இயந்திரத்தின் மேல்தட்டில் தாள்களை அடுக்கி உள்ளே இழுக்கவிட்டால் கோடு விழுகிறது. அதே தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து வைத்து எடுத்தால் கோடே இல்லை. தாள்களை இழுக்கும்போது அவை பெரிய கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டையைத்தான் கடக்கின்றன. தூசி அங்கே இருக்கிறது. மெத்தென்ற துணியால் அந்தப் பட்டையைத் துடைத்துவிட்டு இன்னொரு தாளை அனுப்பிப் பாருங்கள்.